கட்டர் வாங்கும் முன்: எந்த வேலைக்கு எந்தப் பிளேடு?

ஹார்டுவேர் கடையில் "ஒரு கட்டர் கொடுங்க" என்று கேட்டால், கல்லாவுக்குப் பக்கத்தில் அட்டையில் தொங்கும் மெல்லிய பிளாஸ்டிக் கட்டர் ஒன்றைப் பிய்த்துக் கொடுப்பார்கள். காகிதம் வெட்ட அது போதும். அதே கட்டரை வைத்துக்கொண்டு தெர்மாகோல், ரெக்சின், மைக்கா, பார்சல் பட்டை, ஜிப்சம் போர்டு என்று எல்லாவற்றையும் அறுக்கப் போகும்போதுதான் பிளேடு வளைகிறது, முறிகிறது, விரலில் இறங்குகிறது.

இப்போதுதான் கட்டர் பிடிக்கக் கற்றுக்கொள்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பார்சல் பிரிக்கும் கடை ஊழியர், கொலு மேடைக்கு தெர்மாகோல் வெட்டுபவர், மாடல் செய்யும் ஆர்க்கிடெக்சர் மாணவர், வீட்டு ரிப்பேரைத் தானே பார்த்துக்கொள்ள நினைப்பவர், எல்லோருக்கும் இது பொருந்தும். பிளேடு வகைகள் மறந்துபோனாலும் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: மழுங்கிய பிளேடுதான் ஆபத்து. கூர் போனால் அழுத்த வேண்டியிருக்கும். அழுத்தினால் கட்டர் வழுக்கும். வழுக்கிய கட்டர் எங்கே போய் நிற்கும் என்பது நம் கையில் இல்லை.

முறித்துப் போடும் பிளேடு

நம் ஊரில் கட்டர் என்றால் இதுதான். நீளமான பிளேடு சாய்வான கோடுகளால் கட்டம் கட்டமாகப் பிரிந்திருக்கும். முனை மழுங்கியதும் ஒரு துண்டை முறித்துவிட்டு அடுத்த துண்டைத் தள்ளிக்கொள்ளலாம். 1956இல் ஜப்பானின் ஒசாகாவில் அச்சு வேலையில் இருந்த யோஷியோ ஒகாடா இதை உருவாக்கினார். அப்போது காகிதம் வெட்டச் சவர பிளேடைத்தான் பயன்படுத்தினார்கள். முனை மட்டும் மழுங்கும், மீதி பிளேடு அப்படியே குப்பைக்குப் போகும். உடைந்த கண்ணாடிச் சில்லின் கூரையும், கட்டம் கட்டமாக உடைத்துத் தின்னும் சாக்லேட் பாரையும் வைத்து இந்த யோசனை பிறந்ததாக அவர் தொடங்கிய ஒல்ஃபா நிறுவனம் சொல்கிறது. இன்று எந்தக் கம்பெனி கட்டரை எடுத்தாலும் பிளேடின் அகலம் பெரும்பாலும் 9, 18, 25 மி.மீ. இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

9 மி.மீ. பிளேடு சுமார் 0.4 மி.மீ. தடிமன். காகிதம், சார்ட், ஸ்டிக்கர், வினைல், மெல்லிய அட்டை ஆகியவற்றுக்கு இதுவே நல்லது. முனை கூர்மையாக இருப்பதால் வளைவுகளையும் ஓரளவு எடுக்கலாம். இதிலேயே முனை இன்னும் ஒல்லியாகச் சாய்ந்த 30 டிகிரி பிளேடும் கிடைக்கிறது. நுணுக்கமான கட்டிங் செய்பவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள்.

18 மி.மீ. பிளேடு 0.5 மி.மீ. தடிமன். அட்டைப்பெட்டி, ஃபோம் போர்டு, ரெக்சின், ஃப்ளெக்ஸ், தெர்மாகோல், தரைவிரிப்பு என்று வீட்டிலும் கடையிலும் வரும் வேலையில் பெரும்பகுதியை இது பார்த்துவிடும். ஒரே ஒரு கட்டர்தான் வாங்க முடியும் என்றால் யோசிக்காமல் 18 மி.மீ. வாங்குங்கள்.

25 மி.மீ. பிளேடு சுமார் 0.7 மி.மீ. தடிமன். கனமான ஃபோம், ரப்பர் ஷீட், ஜிப்சம் போர்டு, இன்சுலேஷன் பலகை வெட்டுபவர்களுக்கு. வீட்டுக்குத் தேவைப்படாது.

கடையில் 'கறுப்பு பிளேடு' என்று தனியாக விலை சொல்வார்கள். அதன் விளிம்பை இன்னும் ஒல்லியாகத் தீட்டியிருப்பார்கள். காகிதத்திலும் வினைலிலும் அருமையாக ஓடும். ஆனால் கடினமான பொருளில் விளிம்பு சீக்கிரம் சில்லு சில்லாகப் பெயர்ந்துவிடும். அட்டைப்பெட்டி பிரிக்கக் கறுப்பு பிளேடு வாங்குவது வீண் செலவு.

பூட்டைப் பார்க்காமல் கட்டர் வாங்காதீர்கள். இரண்டு வகை உண்டு. கட்டை விரலால் தள்ளி விட்டதும் தானாகப் பிடித்துக்கொள்வது ஒன்று. திருகைச் சுழற்றி இறுக்குவது இன்னொன்று. பிளேடை அடிக்கடி உள்ளே வெளியே தள்ளும் வேலைக்கு முதல் வகை. நின்று நிதானமாக அழுத்தி அறுக்கும் வேலைக்குத் திருகு வகை, அழுத்தும்போது பிளேடு பின்வாங்காது. கடையிலேயே பிளேடை மூன்று கட்டம் வெளியே தள்ளி, மேலும் கீழும் லேசாக ஆட்டிப் பாருங்கள். உள்ளே உலோகத் தடம் இல்லாத மலிவுக் கட்டரில் பிளேடு லொடலொடவென்று ஆடும். அப்படி ஆடினால் ஸ்கேல் ஓரமாக எவ்வளவு கவனமாக இழுத்தாலும் கோடு நேராக வராது.

மற்ற வகைகள்

இரண்டு முனையுள்ள சரிவகப் பிளேடு கொண்ட உலோகக் கத்தியை ஸ்டான்லி கத்தி என்றே பலரும் சொல்கிறார்கள், கம்பெனி வேறாக இருந்தாலும். பிளேடு குட்டை. கட்டக் கோடு எதுவும் கிடையாது. ஆகவே பக்கவாட்டில் கொஞ்சம் திருகினாலும் லேசில் முறியாது. வினைல் தரை, கார்பெட், ஜிப்சம் போர்டு வேலை செய்பவர்கள் இதை விரும்புவது அதனால்தான். ஒரு முனை மழுங்கினால் பிளேடைக் கழற்றித் திருப்பிப் போடலாம். இதே பிடியில் கொக்கிப் பிளேடும் மாட்டலாம். கொக்கியின் உள்வளைவில்தான் கூர் இருக்கும், முனை அடியில் இருப்பதைக் கீறாது. கார்பெட், கூரைக்கு விரிக்கும் தார் ஷீட், நெகிழி உறை ஆகியவற்றை இழுத்து அறுக்க இதைவிட நல்லது இல்லை.

பேனாவைப் போலப் பிடிக்கும் கைவினைக் கத்திக்கு எக்ஸ்-ஆக்டோ என்ற பெயரே பழகிவிட்டது. ஸ்டென்சில், பேப்பர் கட்டிங், மாடல் வேலைக்கு இதுதான். 11ஆம் எண் பிளேடு, அதாவது நேர் விளிம்பும் ஊசி முனையும் கொண்டது, எல்லோருக்கும் பழக்கமானது. அறுவை சிகிச்சைப் பிளேடு கிடைக்கும் மெடிக்கல் ஷாப்பில் அந்த 11ஆம் எண்ணையே வாங்கி, 3ஆம் எண் பிடியில் மாட்டிக்கொள்பவர்களும் உண்டு. கூர் பிரமாதமாக இருக்கும், ஆனால் பிளேடு மெல்லியது, அழுத்தினால் சட்டென முறியும். கழற்றும்போதும் மாட்டும்போதும் விரலால் தொடாமல் குறடால் பிடியுங்கள். உருண்டையான பிடி மேஜையிலிருந்து உருண்டு விழும். விழும் கத்தியைப் பிடிக்கக் கை நீட்டாதீர்கள், காலை நகர்த்திக்கொண்டு விழ விடுங்கள்.

துணி வெட்டுபவர்களுக்கு உருளும் பிளேடு. இதையும் ஒல்ஃபாதான் 1979இல் கொண்டுவந்தது. 45 மி.மீ. விட்டம் பொதுவானது, சின்ன வளைவுகளுக்கு 28 மி.மீ. கட்டிங் மேட், அதாவது வெட்டும்போது அடியில் போடும் விரிப்பு, இல்லாமல் இதைத் தொடக்கூடாது. ஒவ்வொரு முறை கீழே வைக்கும்போதும் மூடியைத் தள்ளி மூடுங்கள். வட்டம் முழுக்கக் கூர் என்பதால் எந்தப் பக்கம் கை பட்டாலும் வெட்டும்.

நாள் முழுக்கப் பார்சல் பிரிக்கும் இடங்களில் பாதுகாப்புக் கட்டர் வாங்கிக் கொடுப்பது முதலாளியின் கடமை என்றே நினைக்கிறேன். ஒரு வகையில் பிளேடு குறுகலான வாய்க்குள் மறைந்திருக்கும். டேப்பும் பிளாஸ்டிக் உறையும் உள்ளே போகும், விரல் போகாது. இன்னொரு வகையில் அட்டையை விட்டு விலகியதும் பிளேடு தானாக உள்ளே போய்விடும். விலை கொஞ்சம் கூடுதல். ஆனால் உள்ளே இருக்கும் சரக்கையும் அது கீறாது என்பதால் கடைக்கும் லாபம்தான். பெட்டியைச் சுற்றிய பிளாஸ்டிக் பட்டையை அறுக்கும்போது முகத்தை நேரே வைக்காதீர்கள். இறுக்கத்தில் இருக்கும் பட்டை அறுந்ததும் சுளீரென்று அடிக்கும். இரும்புப் பட்டையாக இருந்தால் கட்டரை எடுக்கவே வேண்டாம், தகரம் வெட்டும் கத்தரி வேண்டும்.

நேர்கோடு வெட்டுவது

எந்தக் கட்டர் வாங்கினாலும் முதலில் பழக வேண்டியது இது. பழக ஒரு பழைய அட்டைப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. அடியில் கட்டிங் மேட் போடுங்கள். இல்லையென்றால் தடித்த அட்டையோ பழைய பிளைவுட் துண்டோ போதும். கண்ணாடி, கிரானைட், டைல்ஸ் மேல் வைத்து வெட்டினால் முனை உடனே போய்விடும்.

2. ஸ்டீல் ஸ்கேல் எடுங்கள். பிளாஸ்டிக் ஸ்கேலின் ஓரத்தைப் பிளேடு சீவிக்கொண்டே போகும், சீவிய இடத்தில் ஏறி விரலுக்கு வரும். ஸ்கேலின் அடியில் மாஸ்கிங் டேப் (காகித டேப்) ஒரு துண்டு ஒட்டினால் வழுக்காது.

3. ஸ்கேலை உங்களுக்கு வேண்டிய துண்டின் மேல் வையுங்கள், கழிவுத் துண்டின் மேல் அல்ல. அப்போது கட்டர் விலகினாலும் கழிவுப் பக்கம்தான் விலகும், வேண்டிய துண்டு கெடாது.

4. பிளேடை ஒரு கட்டம், அதிகம் போனால் இரண்டு கட்டம் வெளியே தள்ளிப் பூட்டுங்கள். நீளமாக வெளியே நின்றால் வளையும், முறியும்.

5. ஸ்கேலை அழுத்தும் கையின் விரல்களை விரித்து, ஓரத்திலிருந்து பின்னால் தள்ளி வையுங்கள். கட்டை விரலைத்தான் பலரும் கவனிக்காமல் ஓரத்துக்கு வெளியே நீட்டியிருப்பார்கள். கட்டர் போகும் பாதையில் கை, தொடை, இன்னொருவர் கை எதுவும் இருக்கக்கூடாது.

6. நின்றுகொண்டு வெட்டுங்கள். கோடு உங்கள் வயிற்றை நோக்கி வராமல், பக்கவாட்டில் தோளுக்கு நேராக வரும்படி காகிதத்தைத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

7. கட்டரைச் சுமார் 30 டிகிரி படுக்க வைத்து, முதல் முறை வெறுமனே கோடு போடுவதுபோல் லேசாக இழுங்கள். இரண்டாவது இழுப்பில் ஆழம் போகும், மூன்றாவதில் அறுந்துவிடும். முதல் இழுப்பு போட்ட தடத்திலேயே மற்றவை தானாக ஓடும். ஒரே இழுப்பில் அறுத்துவிட நினைத்து அழுத்துவதால்தான் கோடும் கோணும், கையும் வழுக்கும்.

வளைவு வெட்டும்போது கட்டரைக் கொஞ்சம் நிமிர்த்திப் பிடியுங்கள். கையைத் திருப்புவதைவிடக் காகிதத்தைத் திருப்புவது எளிது.

பொருளுக்குப் பொருள் வித்தை மாறும்

தெர்மாகோலில் மணி மணியாகப் பிய்ந்து வந்தால் பிளேடு மழுங்கிவிட்டது என்று அர்த்தம். அந்தத் துண்டை முறித்துவிட்டுப் புதுத் துண்டைத் தள்ளிக்கொள்ளுங்கள். பிளேடின் இரு பக்கமும் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டு, நன்றாகப் படுக்க வைத்து, நீளமாக இழுத்து அறுங்கள். பலகையின் தடிமனைத் தாண்ட வேண்டும் என்பதால் இந்த ஒரு வேலைக்குப் பிளேடை நீளமாக வெளியே தள்ளலாம், ஆனால் பக்கவாட்டில் திருகவே கூடாது. வளைவும் எழுத்தும் வெட்ட வேண்டுமென்றால் சூடான கம்பியால் வெட்டும் கருவிதான் சரி.

மைக்காவும் அக்ரிலிக்கும் அறுக்கும் பொருள்களே அல்ல, கீறி முறிக்கும் பொருள்கள். இதற்குக் கொக்கி முனையுள்ள அக்ரிலிக் கட்டர் தனியாக உண்டு. பழைய ஹேக்ஸா பிளேடைத் தீட்டி இந்தக் கொக்கியைத் தாங்களே செய்துகொள்ளும் தச்சர்கள் இருக்கிறார்கள். அந்த முனை பொருளை வெட்டுவதில்லை, சுருள் சுருளாகச் சுரண்டி எடுத்துப் பள்ளம் போடுகிறது. 3 மி.மீ. அக்ரிலிக் என்றால் தடிமனில் மூன்றில் ஒரு பங்காவது பள்ளம் விழும்வரை ஒரே திசையில் இழுத்துக்கொண்டே இருங்கள். பிறகு பள்ளம் மேல்பக்கம் இருக்கும்படி கோட்டை மேஜை விளிம்புக்கு நேராக வைத்து, வெளியே நிற்கும் பகுதியைக் கீழ்நோக்கி ஒரே அழுத்தாக அழுத்தினால் சுத்தமாக முறியும். 1 மி.மீ. மைக்காவுக்கு இது தலைகீழ். டிசைன் பக்கம் கீறிவிட்டு, கோட்டின் மேல் ஸ்கேலையோ ரீப்பர் மரச்சட்டத்தையோ அழுத்திப் பிடித்து, வெட்டி எடுக்க வேண்டிய பக்கத்தை மேல்நோக்கித் தூக்குங்கள். கீழ்நோக்கி மடித்தால் டிசைன் பக்கம் ஓரம் சில்லு சில்லாகப் பெயரும். இரண்டுக்குமே கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், சில்லு பறக்கும்.

ஜிப்சம் போர்டில் பலகையை முழுக்க அறுக்கத் தேவையில்லை. முன்பக்கக் காகிதத்தைக் கோட்டில் ஒருமுறை கீறுங்கள், பின்பக்கமாகத் தட்டினால் உள்ளே இருக்கும் மாவு நேராக முறியும். மடிந்த பின்பக்கக் காகிதத்தைக் கட்டரால் கிழித்துவிட்டால் வேலை முடிந்தது. ஜிப்சம் பிளேடை வேகமாகத் தின்னும், அதனால் உபரி பிளேடு கைவசம் இருக்கட்டும்.

மின்வயர் தோல் உரிக்கக் கட்டர் எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உள்ளே செம்பில் கீறல் விழுந்தால் அந்த இடத்தில் பின்னாளில் கம்பி முறியும். வயர் ஸ்ட்ரிப்பர் வாங்கிக்கொள்ளுங்கள். கரண்ட் இருக்கும் வயரின் பக்கம் கட்டரைக் கொண்டுபோகவே வேண்டாம்.

எப்போது முறிப்பது, எப்படி முறிப்பது

பிளேடின் விளிம்பை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். கூரான விளிம்பு கண்ணுக்குத் தெரியாது, அதில் வெளிச்சம் பட்டுத் திரும்ப இடமில்லை. மழுங்கிய இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு மின்னும். காகித ஓரத்தில் பிசிறு வருவது, முன்பு இரண்டு இழுப்பில் அறுந்தது இப்போது ஐந்து இழுப்பு கேட்பது எல்லாம் அதே செய்திதான். புது முனைக்கு ஆகும் செலவு சில்லறைக் காசு. அதை மிச்சம் பிடிப்பதற்காக மழுங்கிய முனையோடு மல்லுக்கட்டாதீர்கள்.

முறிக்கும்போது ஒரே ஒரு கட்டத்தை மட்டும் வெளியே தள்ளிப் பூட்டுங்கள். கோடு கீறிய பக்கம் மேலே இருக்கட்டும். முனைக் கட்டத்தைக் குறடால் பிடித்துக் கீழ்நோக்கி மடக்கினால் 'டக்' என்று முறியும். பல கட்டர்களின் பின்மூடியில் இருக்கும் பிளவும் இதற்காகத்தான், அதைக் கழற்றிப் பிளேடில் மாட்டி மடக்கலாம். மேலே ஒரு துணியைப் போட்டுக்கொண்டால் துண்டு பறக்காது. வெறும் விரலால் முறிப்பதும், சுவரில் குத்தி முறிப்பதும் வேண்டாம்.

புதுப் பிளேடில் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் தடவியிருப்பார்கள். காகிதம் வெட்டும் முன் துடையுங்கள், இல்லையென்றால் கறை படும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றுக்கு உபரிப் பிளேடுகளும் துருவேறும். டப்பாவுக்குள் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு மூடி வையுங்கள். டேப் வெட்டி வெட்டிப் பிளேடில் பசை ஏறினால், துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு, முதுகுப் பக்கத்திலிருந்து கூர் பக்கமாகத் துடையுங்கள்.

முறித்த துண்டுகள்

இந்த ஒரு விஷயத்தில் மிகக் கண்டிப்பாக இருங்கள். முறித்த துண்டை அப்படியே குப்பைக் கூடையில் போட்டால், அந்தப் பையைத் தூக்குவதும் தரம் பிரிப்பதும் தூய்மைப் பணியாளரின் கைதான். பாலித்தீன் பையைப் பிளேடு ஒரு நொடியில் கிழித்து வெளியே வரும். மூடியுள்ள பழைய மாத்திரை டப்பாவோ தகர டப்பாவோ ஒன்றை எடுத்து, மூடியில் முறித்த துண்டு நுழையும் அளவுக்கு ஒரு பிளவு போட்டுக் கட்டர் வைக்கும் இடத்திலேயே வைத்துவிடுங்கள். நிறைந்ததும் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, மேலே பெரிதாக 'பிளேடு' என்று எழுதி, மற்றக் குப்பையோடு கலக்காமல், தூய்மைப் பணியாளரிடம் சொல்லி, கையில் தனியாகக் கொடுங்கள்.

கை வெட்டிக்கொண்டால்

சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வையுங்கள். திறந்து திறந்து பார்க்காமல் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். ரத்தம் நின்ற பிறகு ஓடும் தண்ணீரில் கழுவிக் கட்டுப் போடலாம். மஞ்சள் தூள், காபித் தூள் எதையும் அப்ப வேண்டாம். ரத்தம் நிற்கவில்லை, காயம் வாய் பிளந்திருக்கிறது, விரல் மரத்துப்போகிறது, மடக்க முடியவில்லை என்றால் நரம்போ தசைநாரோ வெட்டுப்பட்டிருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

முதல் தடவை வாங்குபவருக்கு

திருகுப் பூட்டுள்ள 18 மி.மீ. கட்டர் ஒன்று, அதற்கான உபரிப் பிளேடு ஒரு டப்பா, 30 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல் ஒன்று, ஏ3 அளவில் ஒரு கட்டிங் மேட். தொடங்குவதற்கு இவ்வளவு போதும். காகித வேலை அதிகம் என்றால் 9 மி.மீ. கட்டரைப் பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் பிளேடைக் கழற்றித் திருப்பிப் போட முடிகிற கட்டரா என்று கடையிலேயே கேளுங்கள். பிளேடு வாங்கும்போது பழைய பிளேடின் அகலத்தைச் சொன்னால் போதும், பொதுவாக ஒரு கம்பெனியின் 18 மி.மீ. பிளேடு இன்னொரு கம்பெனி கட்டரிலும் உட்காரும். விமானத்தில் போகிறவர்கள் கைப்பையில் கட்டர் வைக்கக்கூடாது, செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள்.